வேப்பூரும் தாமரைக்கிரையும்: பெங்களூர் வட்டாரத் தமிழ்க் கல்வெட்டுகளில் ஊர்ப்பெயர் ஒலிப்பு

பெங்களூர் மாநகரின் தென்பகுதியில் மடிவாளா என்னும் இடத்தில் சோமேசுவரர் கோயில் ஒன்று உள்ளது. அதன் புறச்சுவர்களில் தமிழ் எழுத்திலும் கிரந்த எழுத்திலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் காணப்படுகின்றன. அவற்றுள் காலத்தால் முந்தியது கி.பி. 1247ஆம் ஆண்டினது. வேப்பூரைச் சார்ந்த ஒருவர் வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழ் நிலக்கொடை அளித்த செய்தியை அது தெரிவிக்கிறது. வேப்பூர் இன்றைய பேகூர். வெங்களூர் (வெங்காலூர் என எழுதுவாரும் உளர்) இன்றைய பெங்களூர். அதே கோயிலின் வேறொரு கல்வெட்டு, மூன்றாம் வல்லாளன் காலத்தது, தாமரைக்கிரை என்னும் ஊரைக் குறிக்கிறது. அது மடிவாளாவை அடுத்துள்ள தாவரெகெரெ.

இம்மூன்று பெயர்களும் அண்மைக் காலத்தில் ஆய்வுக்கு வெளியேதான் மிகுதியும் பேசப்பட்டு வருகின்றன. இந்நகரின் பெயர் முதலில் தமிழில் வெங்களூர் என்றே இருந்தது, பின்னரே பெங்களூர் எனத் திரிந்தது என்பார் ஒருசாரார். பெங்களூர் என்பதே மூலப் பெயர், அதனைச் சோழ நாட்டிலிருந்து வந்த எழுத்தர் தம் நாவிற்கேற்பச் சிதைத்தெழுதினர் என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் ஒரே கல்லைத்தான் சான்று காட்டுகின்றனர். இரு சாராரும் ஒரே எடுகோளையும் கொண்டுள்ளனர். எழுதியவர் தம் காதில் விழுந்ததை அப்படியே எழுதினார், அல்லது எழுத முயன்று தவறினார் என்பதே அவ்வெடுகோள். அது பொருந்துமா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கால வரிசையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பேகூர் நாகேசுவரர் கோயில் வளாகத்தில் ஏறத்தாழ கி.பி. 890ஐச் சார்ந்த கன்னடக் கல்வெட்டு ஒன்றுண்டு. கங்கர் காலத்ததாகிய அது, 'பெங்களூர்ப் போரில்' வீழ்ந்த நாகத்தரனின் ஆள் ஒருவனைக் குறிக்கிறது. அதே ஊரில் கிடைத்துப் பின்னர்ப் பெங்களூர் அரசு அருங்காட்சியகத்திற்குக் கொண்டுசெல்லப்பட்ட புகழ்பெற்ற நடுகல், எரெயப்பன் காலத்தில் 'பெம்பூர்ப் பன்னிரண்டு' என்னும் ஊர்த்தொகுதி வழங்கப்பட்டதைக் கூறுகிறது. இவ்விரு பெயர்களின் முதலெழுத்தும் கன்னடத்தில் ஒலிப்புடைப் பகரமே. எனவே மடிவாளாக் கல்வெட்டுக்கு மூன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இவ்வட்டாரத்தில் பகர முதல் வடிவம் எழுத்தேறிவிட்டது. வகரம் முந்தியது, பகரம் பிந்தியது என்று கல்வெட்டுக் காலத்தை வைத்து நிறுவ இயலாது. வல்லாள மன்னன் வேட்டையாடிக் களைத்தபோது மூதாட்டி ஒருத்தி வெந்த பயறு தந்தாள், அதனால் 'பெந்த காளூரு' எனப் பெயர் வந்தது என்னும் கதையும் இதே கல்லால் வலுவிழக்கிறது. போசள வல்லாளர்கள் தோன்றுவதற்கு முன்பே பெயர் இருந்திருக்கிறது.

ஆயினும் சொல் முதல் வகரம் கன்னடத்தில் பகரமானது என்பது திராவிட ஒப்பிலக்கணம் நன்கறிந்த உண்மை. தமிழில் வழி, வாழ், வாய், வேர், விரல், வெண்ணெய் என நிற்பவை கன்னடத்தில் பளி, பாளு, பாயி, பேரு, பெரளு, பெண்ணெ என்று ஒலிப்புடைப் பகரம் பெற்று வரும். இம்மாற்றம் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே முற்றுப்பெற்றிருந்தது. ஆகவே 1247இல் இவ்வூரில் வாழ்ந்த கன்னடம் பேசுவோர் பெங்களூர் என்றே கூறியிருப்பர். அதனைக் கேட்ட தமிழ் எழுத்தர் வகரம் இட்டது ஏன்?

பகரத்தை எழுத அவருக்குத் தடை ஏதும் இல்லை. தமிழ்ப் பகரம் இடத்திற்கேற்ப ஒலிப்பிலா ஒலிக்கும் ஒலிப்புடை ஒலிக்கும் பொதுவாய் நிற்பது. வேண்டுமாயின் கிரந்தத்தில் ஒலிப்புடைப் பகரத்திற்கெனத் தனி எழுத்தே உண்டு. அதே சுவரில் கிரந்த எழுத்து பயின்று வருகிறது. இன்று நாம் எவ்விதத் தயக்கமுமின்றிப் பெங்களூர் என்று பகரமிட்டு எழுதுகிறோம். அன்றைய எழுத்தர் அவ்வாறு செய்யவில்லை. கேட்ட ஒலியை எழுதுவது அவர் நோக்கமாக இருந்திருந்தால் பகரமே வந்திருக்கும். அவர் எழுதியது ஒலியை அன்று. கன்னடப் பகரம் வரும் சொல்லுக்குத் தமிழில் வகரம் நிற்கும் என்னும் இருமொழி அறிவையே அவர் எழுதினார்.

இவ்வாறு கூறுவதற்கு வெங்களூர் ஒன்றே போதிய சான்றாகாது. அதன் பெயர்ப்பொருள் இன்னும் முடிவாகவில்லை. வேங்கை மரத்தோடு இயைப்பாரும் உளர், காவற்படையினர் வாழ்ந்த ஊர் என்பாரும் உளர். மேலும் பழங்கல்வெட்டுகளில் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வரிவடிவில் வேறுபடுத்தப்படுவது அரிது. மெய்யின் மேலும் குற்றெகர ஒகரத்தின் மேலும் புள்ளியிடும் மரபைப் பெரும்பாலான கல்வெட்டுகள் பின்பற்றவில்லை. எனவே அச்சில் நாம் காணும் 'வெங்' என்னும் குறில் பதிப்பாசிரியர் தெரிவே. கல்லில் இருப்பதை 'வேங்' என்றும் படிக்கலாம். இக்குறிலையே பிடித்துக்கொண்டு பெயர்க்காரணம் கூறுவோர் இதனை எண்ணிப் பார்ப்பது நன்று.

வேப்பூர் அவ்வாறன்று. இங்கு எழுத்தரின் கைவண்ணம் தெளிவாகவே புலப்படுகிறது. கன்னட நடுகல்லில் பெம்பூர் என மெல்லினம் தொடர்ந்த வடிவம் உள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டுக் கன்னட எழுத்திலும் எகர நெடில் குறில் வேறுபாடு காட்டப்படவில்லையாதலால் அதனைப் பேம்பூர் என்று கொள்ளத் தடையில்லை. இன்றைய பேகூர் என்னும் பெயரிலுள்ள நெடில் அதற்கு அரண் செய்கிறது. பேம்பு என்பது தமிழ் வேம்பின் கன்னட இணை. பிற்காலக் கன்னடத்தில் அது பேவு ஆயிற்று. தமிழ் எழுத்தர் வெறுமனே முதலெழுத்தை மட்டும் மாற்றியிருந்தால் 'வேம்பூர்' என்று எழுதியிருப்பார். அவர் எழுதியது வேப்பூர்.

மென்றொடர்க் குற்றியலுகரம் வேற்றுமைப் புணர்ச்சியில் வன்றொடராதல் தமிழ்ப் புணர்ச்சி விதி. மருந்து பையோடு சேர்ந்து மருத்துப்பை ஆகும். இரும்பு தாதுவோடு சேர்ந்து இருப்புத்தாது ஆகும். வேம்பு இலையோடு சேர்ந்து வேப்பிலை ஆவதும் காயோடு சேர்ந்து வேப்பங்காய் ஆவதும் இன்றுவரை பேச்சிலும் வழங்குவன. கன்னடத்தில் இவ்விதி இல்லை. ஆகவே பேம்பூர் என்ற பெயரை வேப்பூர் ஆக்கியவர் முதலில் அதனைப் பேம்பு, ஊர் எனப் பிரித்துணர்ந்தார். பின்னர்ப் பேம்புக்கு வேம்பு என்று நேர் கண்டார். அதன்பின் தமிழ்ப் புணர்ச்சி விதிப்படி மீண்டும் சேர்த்தார். ஊரின் உண்மையான பெயர்க்காரணம் வேறாகவே இருப்பினும் இம்முடிவு மாறாது. அப்பெயரை வழங்கிய தமிழர் அதனை வேம்பாகவே உணர்ந்தனர். தமிழகத்தில் வேப்பூர் என்னும் பெயருடைய ஊர்கள் பல இருப்பதும் அவ்வுணர்வுக்குத் துணை நின்றிருக்கலாம்.

இவ்விடத்தில் ஒரு செய்தியைக் குறிப்பிடத் தோன்றுகிறது. இப்புணர்ச்சி விதியைச் சுருங்கக் கூறும் நன்னூல், மடிவாளாக் கல்வெட்டுக்குச் சில பதிற்றாண்டுகளே முற்பட்டது. அதனைச் செய்வித்த சீயகங்கன் மூன்றாம் குலோத்துங்கன் காலத்துச் சிற்றரசன். குவளாலபுரத் தலைவர் என்னும் பட்டம் அவனது கங்கர் குடிக்கு உரியது. குவளாலபுரம் இன்றைய கோலார், பெங்களூருக்குக் கிழக்கே அண்மையில் உள்ளது. பவணந்தியார் கோலாரில் இருந்து எழுதினார் என்று இதனால் பெறப்படாது. ஆனால் தமிழ் இலக்கணத்தைப் போற்றிய ஒரு குடி தன் வேரைத் தேடியது இந்நிலத்தில்தான் என்பது நினைவில் இருத்தற்குரியது. கர்நாடகத்துத் தமிழ்க் கல்வெட்டு எழுத்தரை இலக்கணம் அறியாத படைவீரர் கூட்டத்தோடு சேர்த்தெண்ணும் வழக்கம் சில கட்டுரைகளில் காணப்படுகிறது. அது பொருத்தமற்றது.

இலையும் கிரையும்

சோழர் ஏறத்தாழ கி.பி. 1004இல் தலைக்காட்டைக் கைப்பற்றிக் கங்கர் ஆட்சியை முடித்தனர். 1116இல் விட்டுணுவர்த்தனன் தலைக்காட்டை மீட்கும் வரை இப்பகுதி சோழர் ஆட்சியமைப்பிற்குள் இருந்தது. அக்காலத்தில் எலகங்கப் பகுதி இலைப்பாக்க நாடு என வழங்கப்பெற்றது. போசளர் காலத்தில் அதுவே எலவக்க என்றும் பின்னர் எலகக்க, எலகங்க என்றும் ஆகிறது. பாக்கம் என்னும் ஈற்றுச் சொல்லின் பகரம், உயிரிடையே நின்று வகரமாகிப் பின் ஹகரமாகித் தேய்ந்ததை இவ்வரிசை படிப்படியாகக் காட்டுகிறது.

ஆனால் முதற்சொல்தான் இங்கு நம் கவனத்திற்குரியது. தமிழ் எழுத்தில் இலை, கன்னடத்தில் எலெ. அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வருமிடத்து எழுத்துத் தமிழ் இகர உகரங்களைக் கொள்ள, கன்னடம் எகர ஒகரங்களைக் கொள்ளும். இதனை 1940இல் டி. பர்ரோ விரிவாக ஆராய்ந்தார். பின்னர்ப் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியும் அதனை விளக்கினார். இதில் தமிழ்ப் பேச்சு வழக்கின் நிலை வேடிக்கையானது. இலை என்று எழுதுவோரும் எலை என்றும் எல என்றும்தான் பேசுகின்றனர். இடம் எடமாகவும் உடம்பு ஒடம்பாகவும் ஒலிக்கின்றன. பேச்சில் தமிழும் கன்னடமும் ஒரே உயிரைக் கொண்டிருக்க, எழுத்துத் தமிழ் மட்டும் தனித்து நிற்கிறது. இலைப்பாக்கம் என்று எழுதிய சோழர் காலத்து எழுத்தர், 'பேச்சில் எகரமாய் வருவதை எழுத்தில் இகரமாக்க வேண்டும்' என்னும் பயிற்சி பெற்றவர் என்று கருதலாம்.

இப்பயிற்சியை மனத்திற்கொண்டு தாமரைக்கிரையைப் பார்க்க வேண்டும். கன்னடத்தில் தாவரெ என்பது தாமரை. கெரெ என்பது ஏரி. முதற்பகுதியை எழுத்தர் வேப்பூரைப் போலவே தமிழாக்கிவிட்டார். இரண்டாம் பகுதியை என் செய்வது? அவர்முன் இரு வழிகள் இருந்தன. பொருளை நோக்கித் தாமரையேரி என்று எழுதியிருக்கலாம். சொல்லினத்தை நோக்கியிருந்தால், கெரெயின் தமிழ் இணையாகிய சிறை என்னும் சொல்லைப் பெய்திருக்கலாம். எகர இகரங்களின் முன் வரும் முதற்ககரம் தமிழில் சகரமாகும். கன்னடத்தில் அது ககரமாகவே நிற்கும். செவி என்பதற்குக் கிவி, செய் என்பதற்குக் கெய் ஆகியவை எடுத்துக்காட்டுகள். அணை, நீர்த்தடுப்பு என்னும் பொருளில் சிறை பழந்தமிழில் பயின்ற சொல். அவர் இவ்விரண்டையும் செய்யவில்லை. கிரை என்று எழுதினார்.

இடையின ரகரமா வல்லின றகரமா என்பது ஒருபுறம் இருக்க, இங்கு நோக்கத்தக்கவை முதற்ககரமும் அதன்மேல் ஏறிய இகரமும் ஈற்று ஐகாரமுமே. முதற்ககரம் அச்சொல் கன்னடச் சொல் என்பதைக் காட்டுகிறது. இகரமும் ஐகாரமும் தமிழ் எழுத்து மரபினைக் காட்டுகின்றன. எலெ என்னும் ஒலிக்கு இலை என்று எழுதுவது முறையாயின், கெரெ என்னும் ஒலிக்குக் கிரை என்று எழுதுவதே முறை. எழுத்தர் அச்சொல்லை அயற்சொல்லாக நினைக்கவில்லை. நினைத்திருந்தால் கேட்டபடி கெரெ என்று எழுதியிருப்பார், அல்லது ஏரி என மொழிபெயர்த்திருப்பார். தம் பேச்சில் அன்றாடம் வழங்கிய சொல்லாகையால், பேச்சுச் சொல்லை எழுத்துச் சொல்லாக்கும் விதியை அதன்மேலும் செலுத்தினார். செலுத்தியதன் விளைவாக எந்த அகராதியிலும் இடம்பெறாத, கன்னடத்திலும் செந்தமிழிலும் இல்லாத வடிவம் ஒன்று பிறந்தது.

பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெங்களூர் வட்டாரத் தமிழில் கெரெ என்னும் சொல் வழங்கியது என்பதற்கு இதனைவிட நேரிய சான்று வேண்டியதில்லை. தொல்காப்பியர் திசைச்சொல் என ஒரு வகை கூறினார். அதற்கு உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுகள் மிகச் சிலவே, அவையும் ஒருவர் கூறியதையே மற்றவர் திரும்பக் கூறுவனவாக உள்ளன. கல்வெட்டுகளில் திசைச்சொல் தேடுவோர் பெரும்பாலும் வரிப்பெயர்களிலும் அளவைப்பெயர்களிலும் நின்றுவிடுகின்றனர். ஊர்ப்பெயரின் ஈறுகளை இக்கண்கொண்டு பார்க்கவேண்டிய தேவையைக் கிரை உணர்த்துகிறது.

மக்கட்பெயரிலும் இதே இருமொழிச் சூழல் காணப்படுகிறது. ஒயிட்பீல்டை அடுத்த பட்டந்தூரில் ஏரி கட்டி மதகு அமைத்துத் தெய்வங்களை எழுந்தருளுவித்த செய்தி, முதலாம் இராசேந்திரன் பெயரால் அமைந்த 1043ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டில் உள்ளது. அதனைச் செய்தவர் இராசராச வேளான். அவர் தந்தை பெர்மாடி காவுண்டன். தந்தை பெயர் கங்கர் நாட்டுக் கன்னட மரபு, மகன் பெயர் சோழர் பட்டம். இவரைத் தமிழர் என்பதா கன்னடர் என்பதா? அவரிடமே கேட்டிருந்தால் கேள்வியே அவருக்கு விளங்கியிருக்குமா என்பது ஐயம்.

பகரமும் ஹகரமும்

கன்னடத்தில் சொல் முதற்பகரம் ஹகரமான மாற்றம் பத்தாம் நூற்றாண்டளவில் தலைகாட்டிப் பதினான்காம் நூற்றாண்டளவில் பரவி நிலைபெற்றது. பால் ஹாலு ஆயிற்று. புலி ஹுலி ஆயிற்று. பள்ளி ஹள்ளி ஆயிற்று. பேகூர் நடுகல்லில் வரும் புல்லிமங்கலம் இன்று அதே பகுதியில் ஹுலிமங்கலமாக உள்ளது. பட்டந்தூர்ப் பெர்மாடி பிற்காலக் கன்னடத்தில் ஹெம்மாடி. போசளர் தம் பெயரே பொய்சளர் என்பதிலிருந்து ஹொய்சளர் ஆனது.

மடிவாளாவுக்கு வடக்கே சிறு தொலைவில் உள்ள தொம்ளூர்ச் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் இம்மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்த காலத்தவை. சோமேசுவரனுக்குப் பின் போசள நாடு இரண்டாகப் பிரிந்தபோது, தமிழ்ப் பகுதிகளோடு கோலாரும் பெங்களூரின் ஒரு பகுதியும் இராமநாதனுக்கு உரியவாயின. திருவரங்கத்தை அடுத்த கண்ணனூரோடு தொடர்புடைய அரசன் ஒருவனின் ஆணை தொம்ளூர்ச் சுவரில் தமிழில் இருப்பதற்கு இதுவே காரணம். அக்கல்வெட்டுகளில் அவன் போசள வீர ராமநாத தேவன். கொடை நிலம் உள்ள ஊர் ஜாலபள்ளி. இப்பெயர் இன்றைய ஜாலஹள்ளியோடு ஒலியளவில் பொருந்துவது வெளிப்படை.

இங்கும் எழுத்தில்லாக் குறையால் பகரம் வந்ததென்று கூற இயலாது. கிரந்த ஹகரம் அவர்கள் கையில் இருந்தது. ஜகரத்தைத் தயங்காமல் எழுதிய கை, ஹகரத்தை எழுதத் தயங்கியிராது. பள்ளி என்பது தமக்கும் உரிய சொல் என்பதால் பள்ளி என்றே எழுதினர். ஆகவே இப்பகரங்களைக் காட்டி, '1290இலும் பெங்களூர்க் கன்னடத்தில் பகரம் மாறவில்லை' என்று வாதிடுவது தவறாகும். தமிழ்க் கல்வெட்டின் பகரம் கன்னட ஒலிக்குச் சான்றன்று. கன்னட வரலாற்றிலக்கணம் எழுதுவோர் தமிழ்க் கல்வெட்டுகளை ஒலிச்சான்றாகக் கையாளும்போது மேற்கொள்ள வேண்டிய எச்சரிக்கை இது.

தொம்ளூரின் சொந்தப் பெயர் வேறொரு வகையில் நடந்துகொள்கிறது. தேசிமாணிக்கப்பட்டணம் என்னும் வணிகர் சூட்டிய சிறப்புப்பெயர் மக்கள் வாயில் நிற்கவில்லை. நின்ற பெயர் தொம்பலூர் என்றும் தொம்மலூர் என்றும் இருவகையாகக் காணப்படுகிறது. இவ்வூர்ப்பெயருக்குத் தமிழ் எழுத்தரால் பொருள் காண இயலவில்லை போலும். வேம்பு போலவோ தாமரை போலவோ பிடித்துக்கொள்ள ஒரு சொல் அதில் இல்லை. பொருள் காண இயலாதபோதுதான் அவர்கள் செவியை நம்பினர். செவியை நம்பியபோது எழுத்து ஒருநிலைப்படவில்லை, கல்லுக்குக் கல் ஊசலாடுகிறது. பெயரின் பொருள் விளங்கிய இடத்து எழுத்து உறுதி, விளங்காத இடத்து ஒலிப்பு ஊசல் என்னும் இவ்வேறுபாடு எழுத்தர் முறையை நன்கு விளக்குகிறது. பிற்காலத்தே இடையுயிர் கெட்டுத் தொம்ளூர் ஆனது.

பிற்காலக் குடியேற்றமும் ஒலிப்பும்

1537இல் கெம்பெகௌடர் கோட்டை கட்டிய காலம் முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையிலான நிலையை இங்கு விரிக்க வேண்டியதில்லை. 1809இல் ஆங்கிலேயர் சீரங்கப்பட்டணத்திலிருந்து தம் படையைப் பெங்களூருக்கு மாற்றினர். அப்படையைச் சார்ந்தும் பின்தொடர்ந்தும் வட ஆர்க்காடு, சேலம், சென்னைப் பகுதிகளிலிருந்து தமிழர் பெருந்தொகையாக வந்தனர். 1881 முதல் 1947 வரை தனி ஆட்சிப் பகுதியாக இருந்த படைநிலையத்தில் தமிழே பெருவழக்கு. படைநிலையத்தை மக்கள் தண்டு என்றனர். தமிழிலும் கன்னடத்திலும் படையைக் குறிக்கும் இச்சொல் சிவாஜிநகர்த் தண்டு மாரியம்மன் கோயிலின் பெயரில் நிலைத்துள்ளது.

இவர்கள் ஊர்ப்பெயர்களை எதிர்கொண்ட முறை பதின்மூன்றாம் நூற்றாண்டு எழுத்தர் முறைக்கு நேர்மாறானது. ஹலசூரு என்னும் பெயர் அவர்களிடம் அல்சூர் ஆயிற்று. ஹலசு என்பது பலா, பழங்கன்னடத்தில் பலசு. பழைய எழுத்தர் கையில் இப்பெயர் அகப்பட்டிருந்தால் பலாவூர் என்றோ பலசூர் என்றோ ஆகியிருக்கும் என எண்ணத் தோன்றுகிறது. புதிதாய் வந்தோருக்கு அதில் பலா தெரியவில்லை. கேட்டதைக் கேட்டபடி எடுத்துக்கொண்டனர், தம் மொழியில் இல்லாத ஹகரத்தை விட்டனர். ஹொசூரு, அதாவது புத்தூர், ஓசூர் ஆனதும் இவ்வாறே. சோழர் காலத்தில் அது செவிடபாடி என வேறு பெயர் பெற்றிருந்தது. ஒகேனக்கல்லின் கதை இன்னும் சுவையானது. அதன் முதற்பகுதி கன்னட ஹொகெ, பழைய வடிவம் பொகெ, அதுவே நம் புகை. கன்னடர் வாயில் பகரம் ஹகரமாகித் தமிழர் வாயில் அந்த ஹகரமும் மறைந்தபின், புகையைப் புகையென்று அறியாமலே நாம் ஒகே என்று கூறிவருகிறோம்.

அல்சூர் போன்ற வடிவங்களைத் தமிழரின் நாக்குறை என்று எள்ளுவார் உளர். தமிழரே சிலர் நாணி, 'ஹலசூரு என்பதே சரி' எனத் திருத்திக்கொள்வதும் உண்டு. இதில் ஒரு நுட்பம் கவனிக்கப்படாமல் போகிறது. 1960இல் வில்லியம் பிரைட் பெங்களூர் வட்டாரக் கன்னடத்தின் சாதிக் கிளைமொழிகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார். பிராமணர் பேச்சில் ஒலிக்கும் சொல் முதல் ஹகரம் ஒக்கலிகர் பேச்சில் இல்லை என்று அவர் காட்டினார். ஒருவர் ஹாலு என்பதை மற்றவர் ஆலு என்பர். மாரத்தஹள்ளியைப் பேருந்து நடத்துநர் மாரத்தள்ளி என்று கூவுவதை இன்றும் கேட்கலாம், அவர் கன்னடரே. படைநிலையத்திற்குக் காய்கறியும் பாலும் கொண்டுவந்த சுற்றுச் சிற்றூர்க் குடியானவர் வாயிலிருந்துதான் தமிழர் இப்பெயர்களைக் கேட்டனர். அக்குடியானவர் பேச்சிலேயே ஹகரம் இல்லையாயின், தமிழர் எதனைக் கெடுத்தனர்? அல்சூர் என்பது உள்ளூர்க் கன்னடப் பேச்சினைத் தமிழர் உண்மையாகக் கேட்டு வழங்கிய வடிவமாகவும் இருக்கலாம். நாட்டு வழக்கில் மருவியதை நன்னூலார் மரூஉ என்று இயல்பு வழக்கினுள் அடக்கினார். பிழையெனத் தள்ளவில்லை.

இவ்வட்டாரத்துப் பழந்தமிழ்க் குடியினராகிய திகளரின் பெயரையும் இங்குச் சேர்த்தெண்ணலாம். கரகத் திருவிழாவை நடத்தும் தோட்டத் தொழிற்குடியினர் இவர்கள். திகுள என்பது போசளர் காலக் கன்னடக் கல்வெட்டுகளில் தமிழரைக் குறித்த சொல். தமிழ் என்னும் சொல்லின் மகரம் கன்னடர் வாயில் வகரமாகிப் பின் ககரமாகி அவ்வடிவம் உண்டாயிற்று என்பர். அவ்வாறாயின் பேம்பூர் பேவூராகிப் பேகூர் ஆன வழியும் அதுவே. தமிழர் கன்னடரின் ஊர்ப்பெயரைத் தமிழாக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், கன்னடர் தமிழரின் பெயரையே கன்னடமாக்கி அவர்களிடம் திரும்பத் தந்திருக்கின்றனர். அதனை அம்மக்கள் தம் பெயராகவே ஏற்றனர்.

மூலமும் படியும்

மேற்கூறியவற்றுள் பல, ஓர் உயிர்க்குறியையோ ஒரு மெய்யையோ சார்ந்து நிற்பவை. இவ்வட்டாரக் கல்வெட்டுகளுக்கு அடிப்படை நூல் பி. லூயிஸ் ரைஸ் 1905இல் வெளியிட்ட எபிகிராபியா கர்நாடிகா ஒன்பதாம் தொகுதி. அவ்வுழைப்பின் பெருமை குறைத்துரைக்கத்தக்கதன்று. ஆயினும் அதிலுள்ள ரோமன் எழுத்துப் பெயர்ப்பையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் மட்டும் கொண்டு தமிழ் ஊர்ப்பெயரை ஆராய்வது ஆபத்தானது. மொழிபெயர்ப்பில் 'ஏரி' என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல் வந்துவிட்டால், மூலத்தில் இருந்தது ஏரியா கிரையா என்பது மறைந்துவிடுகிறது. நாம் தேடுவதோ அதைத்தான்.

நகரம் பெருகப் பெருக, ரைஸ் பதிவுசெய்த கற்களில் பல இருந்த இடத்தில் இல்லை. எஞ்சியவற்றை முப்பரிமாண மின்வருடலால் பதிவுசெய்யும் பணியை, 1909இல் தொடங்கப்பெற்ற மித்திக் சொசைட்டி 2021 முதல் மேற்கொண்டுவருகிறது. தேய்ந்த எழுத்தின் பள்ளங்களையும் இம்முறை காட்டுவதால், வெங்களூரின் முதலெழுத்துக்குப் புள்ளி உண்டா என்பது போன்ற கேள்விகளை ஊகத்திற்கு விடாமல் பார்த்தே தீர்க்கலாம். மடிவாளா, தொம்ளூர்த் தமிழ்க் கல்வெட்டுகளை இக்கருவியின் துணையோடு தமிழ் வரிவடிவிலேயே மறுபதிப்புச் செய்வது தமிழ்த்துறைகள் உடனே மேற்கொள்ளத்தக்க பணி.

2018இல் ஹெப்பாளத்தில் வடிகால் தோண்டியபோது ஏறத்தாழ கி.பி. 750ஐச் சார்ந்த கன்னட நடுகல் ஒன்று வெளிப்பட்டது. கங்க மன்னன் சீபுருசன் காலத்ததாகிய அது கிட்டய்யன் என்னும் வீரனுக்கு எடுக்கப்பட்டது. பெங்களூரில் இதுவரை கிடைத்த கன்னடக் கல்வெட்டுகளுள் மிகப் பழையது என்பர். அதில் ஊரின் பெயர் பெர்பொழல். பெருநகர் என்பது பொருள். பெர் என்பது ஹெ ஆகி, பொழல் தேய்ந்து, ஹெப்பாளம் ஆகியிருக்கிறது. கன்னடம் பின்னர் இழந்துவிட்ட ழகரம் அக்கல்லில் தெளிவாக நிற்கிறது.